சைக்கிள் ஸ்த்ரீலிங்கம்

ஒரு வீட்டில் ஹிந்தி டியூஷன் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் வேம்பு சார் அந்த வீட்டு வாசலைத்தான் பார்ப்பார். படிக்கப்போகிற குழந்தையைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். வாசலில் ஒரு படியோ, திட்டோ, குட்டிச்சுவரோ முழங்கால் உயரத்துக்கு இருக்க வேண்டும். இருந்தால் சரி. இல்லாவிட்டால், "சாயங்காலத்துல எனக்கு ஒழியறதில்லையே" என்று எங்கேயோ பார்த்துச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். அடையாறில் ஒரு டாக்டர் வீட்டில் குழந்தைகள் எல்லோருக்கும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். வாசல், கார் ஏறுவதற்குத் தோதாக வழவழவென்று சிமெண்டுச் சரிவாக இருந்தது. வேம்பு சாருக்கு ஒழியவில்லை.

காரணம் அவருடைய முதுகு. நாற்பது வயதுக்கு மேல் அவருடைய முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. முதலில் இடுப்பு, பிறகு நடு முதுகு, கடைசியில் கழுத்து. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பாது. அலமாரியை நகர்த்துவதுபோல முழு ஆளும் திரும்ப வேண்டும். ஆட்டோவுக்குள் குனிந்து நுழைய முடியாது. ஓடும் பஸ்ஸில் தொற்ற முடியாது. சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை. சுதந்திர தின அணிவகுப்பில் போகிற போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் மிதித்துக்கொண்டு போவார். ஏறுவதுதான் பாடு. காலைப் பின்பக்கம் சுழற்றிப் போட்டு ஏறுகிற காலம் போய்விட்டது. ஒரு மேடைக்கு அருகில் வண்டியைச் சாய்த்து நிறுத்தி, மேடைமேல் ஏறி நின்று, அங்கிருந்து காலை வண்டியின் குறுக்குப் பாருக்கு மேலே நீட்டி, மெதுவாக சீட்டில் இறங்க வேண்டும்.

அதனால் அவருடைய சென்னை வேறு மாதிரி இருந்தது. மந்தைவெளியில் அவர் குடியிருந்த தெருவில் அடிபம்பு மேடை. தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் படி. காந்தி நகரில் தபால் பெட்டியின் திட்டு. இவற்றுக்கு நடுவில் எங்கேயும் இறங்காமல் போய்விட வேண்டும். சிக்னல் உள்ள சாலைகளைத் தவிர்ப்பார். தவிர்க்க முடியாத இடத்தில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே நிற்பார். பிள்ளையார் கோயில் படியில் அவர் ஏறி நிற்கும்போதெல்லாம் புதிதாக வந்த குருக்கள் விபூதித் தட்டோடு வெளியே வந்துவிடுவார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நெற்றியில் விபூதியோடு ஏறிப் போவார்.

பையன்கள் அவருக்குக் கம்பா சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஹிந்தியில் கம்பா என்றாலும் கம்பம்தான். அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தை.

ஹிந்தி பிரசார சபா பரீட்சைக்குப் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஹிந்தியில் பெரிய கண்டம் ஆண்பால் பெண்பால். உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. நாற்காலி பெண், மேஜை பெண், வீடு ஆண். மீசை பெண் என்று சொல்லும்போது வகுப்பு தவறாமல் சிரிக்கும். வேம்பு சார் சிரிக்க மாட்டார். சைக்கிள் ஓடுகிறது என்பதற்கு "சைக்கிள் சல்தா ஹை" என்று யாராவது எழுதியிருந்தால் நோட்டுப் புத்தகம் திரும்பி வரும். "தா இல்லைடா, தீ. சைக்கிள் ஸ்த்ரீலிங்கம். சைக்கிள் சல்தீ ஹை. பத்து தரம் எழுது."

வீட்டுக் கூடத்தில் நடக்கிற வகுப்பைக் கேட்டுக்கொண்டே அரிசி களைகிற அவருடைய மனைவி பங்கஜம் அடுப்படியிலிருந்து ஒரு சொல் விடுவாள். "மீசையே ஸ்த்ரீலிங்கம்னா மீதியைப் பத்தி நாம என்ன பேசறது."

பங்கஜம் அடையாறில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் உண்டு. பாவாடை தாவணி வயதில் கற்றுக்கொண்டதல்ல. முப்பத்தைந்து வயதுக்கு மேல், பள்ளிக்கூட மைதானத்தில், கூட வேலை பார்த்த அஃப்சருன்னிசா டீச்சர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவரக் கற்றுக்கொண்டது. "நீ விழுந்தா நானும் விழுவேன்னு சொல்லிண்டே பிடிச்சிண்டா. சொன்ன மாதிரியே ரெண்டு பேரும் விழுந்தோம்" என்று அன்றைக்கு முழங்கை சிராய்ப்போடு வந்து சொன்னாள். பல குடித்தனங்கள் சேர்ந்திருந்த அந்த ஸ்டோர் வீட்டு மாமிகள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுநாளும் போனாள். லஸ்ஸில் பறக்கும் ரயிலுக்குத் தோண்டிப்போட்டிருந்த காலத்தில், நெரிசல் வந்தால் இறங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடந்துபோகிறவர்களோடு நடந்துபோகிறவளாகத் தள்ளிக்கொண்டு போய், வழி கிடைத்த இடத்தில் ஏறிக்கொள்வாள். வண்டியின் வலது கைப்பிடியில் வட்டமாக ஒரு கண்ணாடி மாட்டியிருந்தாள்.

"உங்க வண்டியிலேயும் ஒண்ணு மாட்டிக்கோங்கோளேன். கழுத்துதான் திரும்பறதில்லையே."

"ரோட்டுல போறச்சே மூஞ்சி பார்த்துக்கறவன்னு நினைச்சுப்பா."

"உங்க மூஞ்சியை நீங்க ஏன் பார்க்கணும்? பின்னாடி வர லாரியைப் பாருங்கோ."

அவர் மாட்டிக்கொள்ளவில்லை. ஆகவே அந்த வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். காலையில் இருவரும் சேர்ந்து கிளம்புவார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். பின்னால் பெரிய வண்டி வந்தால் ஒரு மணி அடிப்பாள். அவர் ஓரம் ஒதுங்குவார். திருப்பத்தில் வழி காலியாக இருந்தால் இரண்டு மணி. அவர் கையைக் காட்டிவிட்டுத் திரும்புவார். அப்படியே மந்தைவெளியிலிருந்து கிரீன்வேஸ் சாலை, பாலம், அடையாறு. வருஷக்கணக்கில் அவள் அவருக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டினாள். அவள் ஓட்டுவதை அவர் பார்த்ததில்லை. மணி கேட்கும், அவ்வளவுதான்.

எலும்பு டாக்டர் ஒருவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "முதுகு வளையாது சார். அதுக்கு மருந்து இல்லை. ஆனா சைக்கிளை விடாதீங்க, இடுப்பு இன்னும் இறுகிடும். பார் இல்லாத வண்டி வாங்கிக்கோங்க. லேடீஸ் சைக்கிள்."

வெளியே வந்ததும் பங்கஜம், "வாங்கவே வேண்டாம். ஆத்துலேயே இருக்கு" என்றாள்.

"மாமி சைக்கிள்ல நான் போறதா? டியூஷன் பசங்க சிரிப்பா."

"எல்லாச் சைக்கிளுமே ஸ்த்ரீலிங்கம்னு பத்து தரம் எழுதச் சொல்றேள். நீங்க ஒரு தரமாவது நம்பக்கூடாதா?"

அவர்கள் தெரு முனையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்த ஷரஃபுதீன் இந்தச் சண்டையில் பங்கஜத்தின் கட்சி. இரண்டு வண்டிகளுக்கும் அவன்தான் காற்றடிக்கிறவன். "இன்னா சார், டாக்டரே சொல்லிட்டாரு. அம்மா வண்டிய எட்துக்கினு போவாம இந்த பாரக் கட்டிக்கினு அழுவுறீங்களே. எங்க ஊட்ல உர்துல 'சைக்கிள் ஆயீ'ன்னுதான் சொல்வோம், வண்டி வந்துச்சுன்னு. ஆயீதான். 'ஆயா'ன்னு சொன்னா ஆம்பள வண்டி ஆயிடும். தமிள்ல கெய்வி ஆயிடும்."

"சரியாத்தான் சொல்றேப்பா" என்று வேம்பு சார் இலக்கணத்தை மட்டும் ஒப்புக்கொண்டார்.

பங்கஜத்துக்கு மஞ்சள்காமாலை என்றுதான் ஆரம்பித்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பிறகு டாக்டர்கள் வேறு பெயர் சொன்னார்கள். பிறகு பெயர் சொல்வதை நிறுத்திவிட்டு, அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். பூனாவில் வேலையாக இருந்த பிள்ளை ஸ்ரீநாத் வந்தான், இருந்தான், லீவு முடிந்து போனான். அவளுடைய சைக்கிள் கூடத்து மூலையில் நின்றது. சாவி, சிவப்பு பிளாஸ்டிக் கிளி கோத்தது, சமையலறை ஆணியில் தொங்கியது.

ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. வேம்பு சார் குழைய வடித்த சாதத்தில் தெளிவு ரசம் ஊற்றிக் கரைத்து, சின்ன டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் போனார். அவர் கரண்டியால் ஊட்டினால் பாதியாவது உள்ளே போகும். வேறு எதுவும் போகவில்லை. ஆறு மணிக்கு மேல் பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும், அவருக்கு இருந்தது அந்த ஒரு கவலைதான். மற்றதை நினைக்கத் தொடங்கினால் ரசத்துக்கு உப்புப் போட மறந்துபோனது.

அந்த வாரம் பார்த்து அடிபம்பு மேடைமேல் ஒரு கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியை வைத்தார்கள். தெருவுக்குத் தண்ணீர் வந்தது. பெண்கள் குடங்களை வரிசை வைத்தார்கள். அவர் ஏறி நிற்க ஓரடிகூட இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிள்ளையார் கோயில் வரை போய், அங்கே ஏறி, விபூதி வாங்கிக்கொண்டு கிளம்பினார். கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினால் போதும் என்று வைத்துக்கொண்டார்.

அது ஒரு நாள் போதவில்லை. கிரீன்வேஸ் சாலையில் யாரோ மந்திரி வருகிறார் என்று போலீஸ் எல்லாவற்றையும் நிறுத்தியது. பிடித்துக்கொள்ள விளக்குக் கம்பம் கிட்டத்தில் இல்லை. இறங்கினார், இறங்குவது என்றால் வண்டியோடு ஒரு பக்கம் சாய்ந்து, விழாமல் தப்பிப்பது. கேரியரும் விழவில்லை. கார்கள் போய் வழி விட்ட பிறகு ஏறுவதற்கு இடம் தேடினார். பங்களா வாசலில் காவல் கூண்டு நிற்கிற மேடை அளவெடுத்ததுபோல இருந்தது. வண்டியை அதில் சாய்த்தார்.

"யோவ் பெருசு, இன்னா அங்க? தள்ளு தள்ளு" என்றார் கூண்டிலிருந்த போலீஸ்காரர்.

"ஒண்ணுமில்லைப்பா, ஏறிக்கறதுக்கு..."

"ஏறதுக்கு இதான் கெடச்சுதா? ரோட்ல நின்னு ஏறு. எல்லாரும் அப்பிடித்தான ஏறாங்க."

எல்லோரும் அப்படித்தான் ஏறினார்கள். அவர் தள்ளிக்கொண்டு நடந்தார். பாலம் நீளமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். "டைம் முட்ஞ்சிடுச்சு நைனா. நாளைக்கு வா." கெஞ்சுவது எப்படி என்று வேம்பு சாருக்குத் தெரியாது. கேரியரோடு திரும்பினார்.

மறுநாள் பங்கஜம் முன்னைவிடச் சின்னதாகப் படுத்திருந்தாள். நர்ஸ், முந்தின நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

"என் வண்டியை எடுத்துண்டு வரப்படாதா?"

அவர் கரண்டியில் சாதத்தை எடுத்தார்.

"சிரிப்பான்னு பாக்கறேளா? என்னைப் பார்த்தும்தான் சிரிச்சா. வழி விட்டுண்டே சிரிச்சா. எனக்கு வழிதானே வேணும்." இவ்வளவு பேசியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வாய்தான் சாப்பிட்டாள்.

அதற்கு அடுத்த நாள் அவர் ஆணியிலிருந்து கிளியை எடுத்தார்.

வாசலில் வண்டியை நிறுத்தி, பார் இருக்க வேண்டிய இடத்தில் காலை நுழைத்தார். ஒரு வாசற்படியைத் தாண்டுகிற அளவுக்குத் தூக்கினால் போதுமாக இருந்தது. இவ்வளவுதானா என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சீட் அவளுடைய உயரத்துக்கு இருந்தது, மிதிக்கும்போது முழங்கால்கள் கைப்பிடி வரைக்கும் வந்தன. கண்ணாடியும் அவளுடைய உயரத்துக்குத் திருப்பியிருந்தது. அதில் அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தான் தெரிந்தது. சின்டெக்ஸ் தொட்டி அருகில் ஒரு குரல், "டேய், கம்பா சாரு மாமி ஆயிட்டாருடா" என்றது. குடம் வைத்திருந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே குடத்தை நகர்த்தி வழி விட்டாள்.

கிரீன்வேஸ் சாலையில் அன்றும் நிறுத்தினார்கள். அவர் பிரேக்கைப் பிடித்து, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி நின்றார். கம்பம் தேடவில்லை. எல்லோரையும்போல நின்றார், எல்லோரையும்போலக் கிளம்பினார். பாலத்துக்குத் திரும்புகிற இடத்தில் பழக்கத்தில் காது பின்பக்கம் போயிற்று, இரண்டு மணிக்காக. மணி அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. அடித்துப் பார்த்தார். அதே சத்தம்தான், பக்கத்தில் கேட்டது.

நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டியை ஸ்டாண்டின் கடைசியில், ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நிறுத்தினார்.

"எப்படி வந்தேள்?" என்றாள்.

"நடந்துதான்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. உடம்பு அன்றைக்கு வளைந்துகொடுத்துவிட்டது. வாய் வளையவில்லை. அவள் சாப்பிட்டாள். பாதிக்கு மேலேயே சாப்பிட்டாள். வாயைத் துடைத்துவிடக் கைக்குட்டையை இழுத்தபோது சட்டைப் பையிலிருந்து சாவி கட்டிலில் விழுந்தது. சிவப்புக் கிளி போர்வைமேல் கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

பங்கஜம் தண்ணீர் கேட்டு, குடித்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "சீட்டை ஏத்திக்கணும். முட்டி வலிக்கும். ஷரஃபுதீன்ட்ட சொல்லுங்கோ, செய்வான்."

"எந்த சீட்டு?" என்றார், அப்போதும்.

"நடந்து வந்தேளே, அந்த சீட்டு."

கொஞ்ச நேரம் கழித்து, "சல்தீ ஹை?" என்றாள்.

"ம். சல்தீ ஹை."

"ஆத்துக்கு வந்தப்பறம் வாசல்ல ஒரு தரம் ஓட்டிக் காட்டணும். நான் பார்க்கணும்."

"முதல்ல நீ வா. அப்பறம் பார்க்கலாம்."

அவள் வரவில்லை. அவர் லேடீஸ் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்த நாட்கள் ஒரு வாரம்கூட இராது. ஒரு மத்தியானம் போய்விட்டாள். தொலைபேசி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாததால் செய்தி வரவில்லை. அன்றைக்கும் அவர் ரசஞ்சாதத்தோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

காரியங்கள் முடிந்த பிறகு ஸ்ரீநாத் கூடத்தில் நின்ற இரண்டு சைக்கிள்களையும் பார்த்தான். "ரெண்டையும் யாருக்காவது குடுத்துட்டு என்னோட வந்துடுங்கோப்பா. அங்க லிஃப்ட் இருக்கு."

"என்னோடதைக் குடுத்துடு" என்றார் வேம்பு சார். "பார் போட்டது. யாராவது வாலிபமா இருக்கறவனாப் பார்த்துக் குடு."

அவர் போகவில்லை. டியூஷனுக்குப் போனார், அவளுடைய வண்டியில். பையன்கள் ஒரு வாரம் சிரித்தார்கள், பிறகு வேறு எதற்கோ சிரிக்கப் போய்விட்டார்கள். அவருடைய முழங்கால்கள்தான் வீங்கின. சீட்டை ஏற்றவில்லை. அது அவள் உட்கார்ந்த உயரம் என்று வாய்விட்டுச் சொல்லக்கூடியவர் அல்ல அவர். நேரமில்லை என்றார். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு மாதத் திதி கொடுக்கிற மாசியம் வந்தது, போயிற்று. கடைசியில் ஒரு காலை மிதிக்க முடியாமல் ஷரஃபுதீன் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஷரஃபுதீன் காற்றை அமுக்கிப் பார்த்தான். காற்று சரியாக இருந்தது. அவருடைய முழங்காலைப் பார்த்தான்.

"சார், அம்மா ஆஸ்பத்திரி போறதுக்கு மின்னாடியே என்னாண்ட சொல்லிட்டுதான் போனாங்க. சார் என்னிக்காச்சும் இந்த வண்டிய எட்துக்கினு வருவாரு, அன்னிக்கு அவர கேக்காத, சீட்ட ஏத்திடுன்னு."

"அப்பறம் ஏன் நீ ஏத்தலை?"

"நீங்க இன்னைக்குத்தான வந்துகீறீங்க. இவ்ளோ நாளா காத்தடிக்கக்கூட வேற கடைக்கில்ல போய்க்கினு இருந்தீங்க."

வேம்பு சார் வண்டியை அவனிடம் விட்டார். பெஞ்சில் உட்கார வரவில்லை அவருக்கு, நின்றார். ஷரஃபுதீன் ஸ்பேனரைப் போட்டு நட்டைத் தளர்த்தினான். வருஷக்கணக்கில் அசையாத சீட். மண்ணெண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் ஆட்டி, மூச்சுப் பிடித்து இழுத்தான். கிறீச்சென்று மேலே வந்தது. வெளியே இருந்த குழாய் துருப்பிடித்துக் கறுத்திருந்தது. உள்ளே இருந்து இப்போது வந்த பகுதி வாங்கிய அன்று இருந்ததுபோலப் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. வேம்பு சார் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் எண்ணெய் ஒட்டியது.

"ஏறிப் பாருங்க. நுனிக் கால் தரையில படணும். படுதா?"

"படறது."

"கண்ணாடியையும் திருப்பணும் சார்."

"அதை நான் பார்த்துக்கறேன்."

கடையிலிருந்து சாலையில் இறங்கினார். முழங்கால் கைப்பிடிக்கு வரவில்லை, காலை நீட்டி மிதிக்க முடிந்தது. கொஞ்ச தூரம் போய், ஓரமாகக் காலை ஊன்றி நின்றார். கண்ணாடியைப் பிடித்து மெல்ல மேலே திருப்பினார். முதலில் சட்டைப் பொத்தான் போயிற்று, அப்புறம் தோள். பிறகு அவருடைய கழுத்து எத்தனையோ வருஷமாக அவருக்குக் காட்டாத பின்பக்கம் முழுவதும் வட்டத்துக்குள் வந்தது. ஷரஃபுதீன் கை துடைத்துக்கொண்டு நின்றான். சின்டெக்ஸ் தொட்டி, குடங்கள், ஒரு மாடு, அதற்கப்பால் நேராகப் போகிற சாலை.

சாலையில் யாரும் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் காட்டி, திரும்பினார்.